எட்டாம் வார்டின் வயிறு

"அந்தச் சட்டைய உதறிப் போடுங்க. சுருட்டினபடியே கொடியில போட்டா எப்படிக் காயும்?"

ஸ்கேலின் மனைவி கட்டிலில் படுத்தபடி பேசிய கடைசிச் சாதாரணப் பேச்சு அதுதான். அப்புறம் அவரை அருகே கூப்பிட்டு, உள்ளங்கையை நீட்டி, ஒரு சத்தியம் வாங்கினாள். சாயங்காலத்துக்குள் போய்விட்டாள். என்ன சத்தியம் என்று ஸ்கேல் யாரிடமும் சொல்லவில்லை.

ஸ்கேல் என்பது ஆபீஸில் வைத்த பெயர். மாநகராட்சியின் வரைபடப் பிரிவில் முப்பத்தோரு வருடம். நடைபாதையில் நடந்தாலும் சுவரை ஒட்டி நேர்க்கோட்டில்தான் நடப்பார்.

ஏழு மாதம் கழித்து, புதிய வார்டு எல்லைகளைக் காட்டும் மூன்று படங்கள் மன்றக் கூடத்துப் பலகையில் தொங்கின. முதல் இரண்டும் வெளியே கொடுத்து வரைந்தவை. ஒன்றில் மேயரம்மாவின் சமையலறை ஒரு வார்டிலும் படுக்கையறை இன்னொரு வார்டிலும் விழுந்ததால், பத்து நிமிடத்தில் அது கழற்றப்பட்டது. அடுத்ததில் ஒரு வார்டில் ஆட்களைவிடக் குளத்து வாத்துகள் அதிகம். அதுவும் போனது. மிஞ்சியது ஸ்கேல் வரைந்த படம். அது தேறாவிட்டால் தனக்கு விமோசனமே கிடையாது என்பது போல அவர் சுவரோரம் வியர்த்துக்கொண்டு நின்றார்.

எதிர்க்கட்சித் தலைவர் எழுந்தார். மைக் இல்லாமலே மூன்று தெருவுக்குக் கேட்கும் குரல் என்பதால் அவருக்கு மைக் என்றே பெயர்.

"முப்பத்தோரு வருஷம் ஒரு கோடு கோணினதில்ல. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல மட்டும் என்னங்க, எட்டாவது வார்டுக்கு இப்படி வயிறு முட்டிக்கிட்டு நிக்குது?"

கூடம் சிரித்தது.

"அங்க ஒரு வாய்க்கால் ஓடுதுங்க. இயற்கை எல்லை" என்றார் ஸ்கேல்.

"வாய்க்காலா? நேத்து நானே போய்ப் பார்த்தேன். சலூன்காரர் வாளித் தண்ணிய ஊத்துற இடம் அது! நான் நின்ன நேரத்துல காஞ்சே போச்சு, உங்க வாய்க்கால்!"

"மழைக்காலத்துல வந்து பாருங்க" என்றார் ஸ்கேல்.

மேயரம்மா கண்ணாடியை இறக்கினார். "அந்த வயித்துக்குள்ள அப்படி என்னதான் இருக்கு?"

மைக்கே முந்திக்கொண்டார். "ஒரே ஒரு சந்துங்க. பதினோரு வீடு. ஒரு சலூன். குரைக்கத் தெரியாத நாய் ஒண்ணு. கடைசியில பூட்டின வீடு. கொடியில ஒரு சட்டை சுருட்டினபடியே காயுது. அந்த வீட்டு ஜன்னலுக்கு நேரா, நம்ம ஏழாவது வார்டு கவுன்சிலர் பல்லைக் காட்டுற பலகை. இருபதடி! பாவம், எவன் குடியிருக்கானோ, வெளிச்சமே போகாது."

ஏழாவது வார்டு கவுன்சிலர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஸ்கேலின் மனைவிக்குக் கூடப் பிறந்த தம்பி.

"இப்பப் புரியுதா?" மைக் மேசையைத் தட்டினார். "மச்சானுக்கு விழாத ஓட்டையெல்லாம் பொறுக்கி எடுத்து பக்கத்து வார்டுல கொட்டியிருக்காரு, இந்த உத்தமரு!"

"யோவ், எங்க அத்தானைப் பத்திப் பேசாதே!"

"பேசினா என்ன பண்ணுவ? எனக்கும் ஒரு பலகை நடுவியா?"

மேயரம்மா மணியடித்து, ஒரு டம்ளரையும் தட்டிவிட்டு, கடைசியில் கை தூக்கச் சொன்னார். ஆதரவு ஏழு, எதிர்ப்பு ஏழு. மச்சான் மட்டும் கை தூக்கவில்லை. பலகையில் இருந்த படத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று அவர் கண்கள் கலங்கின.

"ஒரு சந்து கைவிட்டுப் போனாலும் பரவாயில்ல. எங்க அத்தான் போட்ட கோடு. நான் ஆதரவு" என்று இரண்டு கையையும் தூக்கினார். ஒரு கையைத்தான் எண்ணினார்கள். அது போதும்.

படம் நிறைவேறியது. ஸ்கேல் ஏழு மாதத்தில் முதல்தடவையாக மூச்சை முழுசாக விட்டார்.

வராந்தாவில் மச்சான் ஓடிவந்து கட்டிக்கொண்டார். "அத்தான், பூட்டின வீடு, சுருட்டின சட்டைன்னு அந்தாளு சொன்னதுமே தெரிஞ்சு போச்சு. அத்தான் ஓட்டுலதான் ஜெயிக்கிறேன்னு யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாதுன்னு உங்க வீட்டையே தூக்கி எட்டாவது வார்டுல வச்சுட்டீங்களே! எனக்காகவா?"

ஸ்கேல் மெல்லப் பிடியை விலக்கினார். "இருக்கட்டும் மச்சான். போனது போயிடுச்சு."

"எங்க போகும்? அக்கா இல்லாத வீட்டுல உங்களைத் தனியா விட்டுட்டு ஏழாவது வார்டை வச்சு நான் என்ன பண்றது? வர்ற தேர்தல்ல எட்டுலதான் நிக்கப் போறேன். முடிவு பண்ணிட்டேன். பலகையும் அங்கேயே இருக்கட்டும்!"

நாலு தேர்தலாக மச்சானுக்கு மட்டும் ஓட்டுப் போடாமல் பார்த்துக்கொண்ட ஸ்கேலுக்கு, கட்டிலில் இருந்து நீண்ட அந்த உள்ளங்கை கண்முன் வந்து நின்றது: 'நம்ம வீடு இருக்கிற வார்டுல என் தம்பி நின்னா, உங்க ஓட்டு அவனுக்குத்தான். சத்தியம் பண்ணுங்க.'

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தார். எதிரே இருபதடிக்கு மச்சான் சிரித்தார். கொடியில் சட்டை சுருட்டினபடியே கிடந்தது. நல்லவேளை, அதற்கு அவள் சத்தியம் வாங்கியிருக்கவில்லை.