திரும்பி இறங்கும் கல்வெட்டு

புங்குடுதீவின் நினைவு இனி ஒருபோதும் அழியாது என்று ஆவணக் காப்பகத் தலைவர் பரராசசிங்கம் அறிவித்திருந்தார். அழியாததுதான் பிறகு சிக்கலாயிற்று.

ஊரில் செத்தவர்களுக்கு முப்பத்தோராம் நாள் அச்சடித்துக் கொடுத்த கல்வெட்டுப் புத்தகங்களை எல்லாம் ஸ்கான் பண்ணி, கனடாவில் இருப்பவர்களும் பார்க்கக் கிளவுட்டில் ஏற்றுவது தர்சனாவின் வேலை. இலட்சக்கணக்கான பக்கங்கள். மடத்துவெளியில் இருந்த காப்பகக் கணினியில் ஒன்றை அழித்தால் மேலேயும் அழிய வேண்டும். ஒரு கோப்பு மட்டும் அழிக்க அழிக்கத் திரும்பி இறங்கியது. அது முடியாமல் மற்றவையும் ஏறவில்லை. திறப்பு விழாவோ மறுநாள்.

"ஐயா, இது உங்கடை கல்வெட்டு."

"நான் இன்னும் சாகேல்லையே, பிள்ளை."

"ஓம், அதுதான் அழிச்சனான். திரும்ப வருது."

"ஆர் ஏத்தினது?"

"இந்தக் கொம்பியூட்டர் எண்டுதான் காட்டுது."

பரராசசிங்கம் கண்ணாடியைப் போட்டு முழுவதையும் வாசித்தார். அட்டையிலிருந்த தன் படத்தில் கண் சற்று நின்றது.

"என்னட்டை ஊதாச் சேட்டு இல்லை. பொத்தானும் மாறிப் பூட்டிக்கிடக்கு."

"அப்ப என்ன செய்யிறது, ஐயா?"

"என்ரை பேருக்கு முன்னாலை சமாதான நீதவான் எண்ட பட்டத்தை விட்டிட்டாங்கள். முதல் அதைப் போட்டுவிடும்."

தர்சனா போட்டாள். உடனே கோப்புக்குப் பக்கத்தில் பச்சைச் சரி அடையாளம் விழுந்தது. மற்றக் கோப்புகளும் மளமளவென்று ஏறின.

மறுநாள் காலை, மகள் கனடாவிலிருந்து அனுப்பிய பார்சலைப் பிரித்து, அதிலிருந்த ஊதாச் சேட்டைப் போட்டுக்கொண்டு பரராசசிங்கம் விழாவுக்கு வந்தார். படமெடுப்பவர் நிமிர்ந்து நிற்கச் சொன்னார். நின்றார்.

இரண்டாம் பொத்தான் மூன்றாம் துளையில் இருந்தது.