மூன்று மில்லிமீட்டர்

மச்சான் சொன்ன இந்தக் கதையை எட்டு வருடமாக நான் முழுசாக நம்பவில்லை. பொய் என்றும் சொல்ல முடியவில்லை. ஒரு இடம் மட்டும் இடித்துக்கொண்டே இருந்தது.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். ஆஸ்பத்திரியில் மணிக்கட்டு அளக்கிற வேலை. ஜவ்வு கிழிந்து டாக்டர் தைத்துவிட்ட கையை, எக்ஸ்ரே திரைக்கு முன்னால் மடக்கி விரிக்கச் சொல்வார். உள்ளே இரண்டு சின்ன எலும்புகள் சேர்ந்தே நகர்ந்தால் தையல் பிடித்திருக்கிறது. மூன்று மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் பிடிக்கவில்லை.

ஒரு மரச்சாமான் கம்பெனியின் தச்சர் வந்தார். மூன்றுக்குள் இருந்தால் அவருக்குப் பழையபடி பட்டறை. தாண்டினால் கம்பெனி வாசலில் காவல்.

திரையில் மூன்று புள்ளி நான்கு.

"ரெண்டு புள்ளி ஒன்பதுன்னு போடுங்க சார். இழைப்புளியை ஒரு தள்ளு தள்ளினா போயிடும், இதெல்லாம் ஒரு அளவா?"

"மரத்துல போகும். எலும்புல போகாது."

"நான் நாற்காலி செய்யறவன் சார். நாள் பூரா நாற்காலியில உக்காருன்னா எப்படி?"

மச்சான் மூன்று புள்ளி நான்கு என்றே எழுதினார்.

"நீயெல்லாம் மனுஷனாய்யா?" என்று தச்சர் கத்தியது வராந்தா வரை கேட்டதாம்.

ஆனால் மச்சான் அவர் பின்னாலேயே படியிறங்கிப் போயிருக்கிறார். "இப்படியே விட்டா எலும்பு தேஞ்சு கை முடங்கிடும். மறுபடி தைக்கணும். இங்க வேண்டாம், வேற ஆஸ்பத்திரிக்குப் போங்க."

தச்சர் போனார். கை பிழைத்தது. மச்சான் வீட்டில் நான் வழக்கமாக உட்காரும் நாற்காலி அவர் செய்து கொடுத்ததுதான்.

"எங்கண்ணனுக்கு வாய்தான் கசப்பு" என்று என் மனைவி ஒவ்வொரு தடவையும் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

எனக்கு இடித்தது அந்த 'இங்க வேண்டாம்'. அங்கே கைக்கென்று இருந்தவர் ஒரே டாக்டர். தச்சரின் கையைத் தைத்ததும், மச்சானை வேலைக்குச் சேர்த்ததும், அளக்கக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை அதே நாற்காலியில் உட்கார்ந்து சீண்டிப் பார்த்தேன். "யாருக்குமே குறைச்சு எழுதினதில்லையா, மச்சான்?"

"ஒரே ஒருத்தருக்கு, மாப்பிள்ளை." காப்பியைக் கீழே வைத்தார். "ஒரு நாள் டாக்டர் தன் வலது கையையே திரை முன்னாடி வச்சார். 'வழுக்கி விழுந்துட்டேன், கத்தி பிடிச்சா நடுங்குதுடா'ன்னார். நாலு புள்ளி ஒண்ணு, ஜவ்வு கிழிஞ்சிருக்கு. என் முகத்தையே பார்த்தார். ரெண்டுன்னு எழுதிட்டேன். எனக்குச் சோறு போட்ட கை இல்லையா?"

"இது எப்ப?"

"தச்சர் ஆபரேஷனுக்கு ஒரு மாசம் முந்தி."

"டாக்டர் அப்புறம்?"

"மூணு வருஷம் அந்தக் கையோடவே ஆபரேஷன் பண்ணிச் சமாளிச்சார், பாவம்."

எட்டு வருடம் கேட்காமல் இருந்தவனுக்கு இதைக் கேட்க என்ன யோக்கியதை என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்டேன்.

"அந்த மூணு வருஷத்துல, மச்சான், எத்தனை பேர் பின்னால படியிறங்கிப் போனீங்க?"