மருந்து ஏற்றிய மறுநாள்

எலும்புத் தேய்மானத்துக்காக அஸ்மத்துன்னிசாவுக்கு வருடம் ஒருமுறை டிரிப்ஸில் மருந்து ஏற்றுவார்கள். மறுநாள் ஜுரமும் உடல்வலியும் வரும். போன வருடம் கணவர் அன்வர் பாஷா லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மழைக்காலத்தில் அவர் இறந்துபோனார்.

இந்த வருடம் மருந்து ஏற்றிய மறுநாள் மத்தியானம், அடையாறு கிளினிக்கிலிருந்து நர்ஸ் ஃபோன் செய்தாள்.

"ஜுரம் எப்படிம்மா இருக்கு?"

"எனக்கு இல்லம்மா."

"அப்போ மாத்திரை வேணாம். தண்ணி மட்டும் நெறைய குடிங்க."

"கட்டில்ல அவர் படுக்கிற பக்கம்தான் கொதிக்குது. கைய வைக்க முடியல."

"வீட்ல வேற யாரும்மா இருக்காங்க?"

"யாரும் இல்ல. அதான் அவருக்கு மாத்திரை குடுக்கலாமான்னு கேக்கறேன்."



சாயங்காலம் அஸ்மத்துன்னிசா அந்தப் பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். சூடு இறங்கியிருந்தது. தலையணை வியர்வையில் நனைந்திருந்தது.