நானூறு மீட்டர்

"நூறு மீட்டர் பதிமூணு செகண்ட்ல ஓடுவேன். நானூறு மீட்டருக்கு எவ்வளவு ஆகும்ணே?"

தோசையை வைத்தபடி ஜாகிர் கேட்டான். ராமநாதபுரத்திலிருந்து கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைக்கு அவன் போன மாதம்தான் வேலைக்கு வந்திருந்தான்.

மராத்தான் ஓடும் வாடிக்கையாளர் அத்னான் சிரித்தார்.

"நாலால பெருக்கக் கூடாது லா. தூரம் கூடினா வேகம் குறையும். ஒரு நிமிசத்துக்கு மேல ஆகும். எந்த ரேஸ்?"

"ரேஸ் இல்லண்ணே. டூரிஸ்ட் விசா நேத்தோட முடிஞ்சிருச்சு. பின்வாசல்லேர்ந்து ரயில் பாலம் நானூறு மீட்டர். இமிகிரேஷன் வந்தா..."

அத்னான் சிரிப்பை நிறுத்தினார்.

"உன்னை ஒருத்தனாலயும் பிடிக்க முடியாது."

மறுநாள் மத்தியானம், பக்கத்துக் கடை மலாய்க்காரர் ஹாலிம் சமையலறைக்குள் பாய்ந்து வந்து அலறினார்.

"ஜாகிர்! லாரி! லாரி!"

வெங்காயம் வந்துவிட்டது என்று நினைத்தான் ஜாகிர். மூட்டை இறக்கத் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு முன்வாசலுக்கு நடந்தான்.

அங்கே இமிகிரேஷன் அதிகாரிகள் நின்றிருந்தார்கள்.

"ஓடு, ஓடுன்னு தொண்டை கிழியக் கத்தினேனே!" என்று அன்று சாயங்காலம் கடைக்கு வந்த அத்னானிடம் மலாயில் அழுதார் ஹாலிம்.

மலாயில் 'லாரி' என்றால் 'ஓடு' என்று அவனுக்கு யாருமே சொல்லித் தந்திருக்கவில்லை.