படகு இல்லாத சனிக்கிழமை

"மழை வுடாதுப்பா. இன்னிக்குப் படகு கெடையாது" என்று சுண்ணாம்பாறு படகுத்துறையில் கையை விரித்துவிட்டார்கள்.

"சே! வீக்கெண்டே போச்சு" என்று அன்பழகன் தலையில் அடித்துக்கொண்டான்.

ஸாகிப் ஹரிகிருஷ்ணனின் தோளைத் தட்டினான். "பாவம்டா இவன். குருசுக்குப்பத்துக்காரன், பரம்பரையே கடல்ல கெடந்தவங்க. எவ்ளோ ஆசையா வந்திருப்பான்!"

ஹரிகிருஷ்ணன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டான். மழைநீரைத் துடைக்கக் கைக்குட்டையை உருவியபோது, கூடவே ஓர் எலுமிச்சம்பழம் விழுந்து உருண்டது.

மானம் போயிற்று.

"படகு ஆடுனாலே எனக்கு வாந்திடா. மோந்து பாக்க வச்சிருந்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. ஸாகிப் தன் பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்தான். அன்பழகன் இரண்டு எடுத்தான்.

அப்பாடா என்று மூச்சுவிட்ட ஹரிகிருஷ்ணன், டீக்கடைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தான்.

"அண்ணே, மூணு லெமன் டீ! பழம் எங்களுது."