இறங்காத சம்மனசு

தவக்காலத்தின் ஐந்தாவது வெள்ளி. அல்போன்சா மதியச் சோற்றுத் தட்டைத் தொடாமல் தள்ளிவைத்துவிட்டு, செபமாலையைக் கையில் எடுத்தாள்.

"பாத்தியா, வளர்ப்புன்னா இது!" என்று மனைவியிடம் மீசையை நீவிக்கொண்டார் அப்பா சூசைமாணிக்கம். "ஊருல எல்லாருக்கும் நோன்பு வாயோட சரி. நம்ம புள்ளைக்கு அது வயிறு வரைக்கும் இருக்கு."

பதினைந்து வயது மகளின் நோன்பு ஆண்டவருக்காக அல்ல, இடுப்புக்காக என்பது அவருக்குத் தெரியாது. ஈஸ்டர் பாஸ்கா நாடகத்தில் சம்மனசாக, அதாவது இறக்கை கட்டிய தேவதூதராக, கோயில் மாடத்திலிருந்து கயிற்றில் இறங்கி, "அவர் உயிர்த்துவிட்டார்!" என்று சொல்ல வேண்டும். அவளுடைய அத்தை இறங்கியவள், அக்கா இறங்கியவள். திண்டுக்கல்லில் அவர்கள் வீட்டுக்குச் 'சம்மனசு வீடு' என்றே பேர்.

போன வருஷம்தான் அந்தப் பேர் கைநழுவியது. எதிர்வீட்டுச் செசிலி, முருங்கைக்காய்க்கு இறக்கை கட்டியதுபோல மேலே நின்றாள். கயிறு பிடிக்க ஆள் போதாமல் புதிதாகக் கப்பி போட்டு, மறுமுனையில் உடைந்த பழைய கோயில் மணியைக் கட்டியிருந்தார்கள். ஆசீர்வதித்த மணி, வேறெதையும் கட்டச் சாமியார் சம்மதிக்கவில்லை.

கப்பிக்கு என்ன கோபமோ, செசிலி மாடத்தருகிலேயே ஊசலாடினாள். துரட்டி போட்டு அவளைக் கீழே இழுப்பதற்குள் இயேசுவே கல்லறையைவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

இந்த வருஷம் நாடகத்தை நடத்தும் கோயில் உபதேசியார் முன்கூட்டியே அறிவித்துவிட்டார். "சம்மனசு வேஷத்துக்கு வர்ற புள்ளைக குருத்து ஞாயிறு பூசை முடிஞ்சதும் தராசுல ஏறணும். எடை பாத்துத்தான் எடுப்போம்."

அவ்வளவுதான், கோயில் பங்கிலுள்ள பெண்பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே நாளில் புனிதைகள் ஆனார்கள். "ஏ பூசணி, நீ ஏறுனா தராசு மூணாம் நாளும் எந்திரிக்காதுடி!" என்று அல்போன்சாவைப் பார்த்துச் செசிலி கெக்கலித்தாள்.

அந்த ஐந்தாம் வெள்ளி சாயங்காலம் நோட்டு வாங்கப் பள்ளித் தோழி ஹுஸ்னா வீட்டுக்குப் போன அல்போன்சாவைக் கல்யாண வீட்டு பிரியாணி வாசலுக்கே வந்து வரவேற்றது.

"வெள்ளிக்கிழமை எங்களுக்குக் கறி ஆகாது" என்றாள். சொல்லிக்கொண்டே உட்கார்ந்தாள். ஒரு வாய் என்றது மூன்று தட்டானது.

"ஒங்க சாமி கோவிக்க மாட்டாரா?" என்றாள் ஹுஸ்னா.

"கோவிப்பாரு. இன்னுங் கொஞ்சம் தால்சா ஊத்து."

குருத்து ஞாயிறு. வெங்காய மண்டித் தராசு கோயில் வாசலில் காத்திருந்தது. செசிலி ஏறினாள், முப்பத்து நாலு கிலோ. அவள் இறங்கிய தோரணைக்கு இறக்கை ஒன்றுதான் பாக்கி.

அல்போன்சா செருப்பைக் கழற்றினாள், கையிலிருந்த குருத்தோலையை அம்மாவிடம் கொடுத்தாள், மூச்சையும் அடக்கிக்கொண்டாள். தராசு தயங்காமல் சொன்னது, நாற்பத்தெட்டு.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சூசைமாணிக்கம் துண்டை உதறித் தோளில் போட்டு, நெஞ்சை நிமிர்த்தினார்.

"வா தாயி, போவோம். நாப்பது நாள் பட்டினி கெடந்தும் இம்புட்டு இருக்குன்னா, அது ஆண்டவரே குடுத்த உடம்பு. நமக்கென்ன வெட்கம்?"

அல்போன்சா தரையைப் பார்த்தாள். வயிற்றுக்குள் பிரியாணி பாவசங்கீர்த்தனம் கேட்டது.

"எங்க கெளம்பிட்டீரு?" என்றார் உபதேசியார், நோட்டில் பேரெழுதியபடி. "இந்த வருஷம் அல்போன்சாதான் சம்மனசு."

"அவளா? நான் வெறும் முப்பத்தி நாலுல்ல!" செசிலி அலறினாள்.

உபதேசியார் மாடத்தைக் காட்டினார்.

"அந்த மணி நாப்பத்தஞ்சு கிலோ ஆத்தா; அதவிட கனமா இருந்தாத்தான் சம்மனசு கீழ எறங்கும்!"