மைத்துனன் அறைக் கணினி

“கரன்ட் பில்லைக் காட்டி நன்கொடைன்னு எழுத முடியாது சார்” என்றார் ஆடிட்டர்.

நூலகர் பில் கட்டை மறுபடியும் அவர் பக்கமே நகர்த்தினார். வீட்டுக் கணினி இரண்டு வருடமாக இரவு பகலாக ஓடுகிறது. நுரையீரல் நோய்க்கு மருந்து தேடும் ஆராய்ச்சி நிலையத்துக்கு, வீட்டிலிருந்தபடியே இணையம் வழியாகக் கணக்குப் போட்டு அனுப்புகிறது. அதற்கு வரிச்சலுகை இல்லையா என்று கேட்டார்.

பணமாகக் கொடுத்து ரசீது வாங்கியிருந்தால் உண்டு, கணினி உழைத்ததற்குக் கிடையாது என்றார் ஆடிட்டர்.

“கேட்டுக்கிட்டீங்களா?” என்றாள் நூலகரின் மனைவி. தன் தையல் கடையிலிருந்து நேரே வந்திருந்தாள். அளவு நாடா இன்னும் கழுத்தில் கிடந்தது. “சலுகை இல்லைன்னா இன்னைக்கே அணைச்சிடணும்னு பேச்சு.”

அந்த நோயில் போனவன் அவளுடைய தம்பி. கடைசி ஐந்து மாதம் அவர்கள் வீட்டில்தான் மூச்சுக் கருவியோடு கிடந்தான். அவன் கட்டில் இருந்த இடத்தில்தான் இப்போது கணினி.

“உன் தம்பிக்காகத்தானே ஓடுது.”

“செத்தவனுக்கு எதுக்குங்க கரன்ட் பில்?”

இவளுக்கு நெஞ்சில் ஈரமே இல்லை என்று நூலகர் ஆடிட்டரிடம் முறையிட்டார். குடும்ப வழக்குக்குத் தான் ஃபீஸ் வாங்குவதில்லை என்று சொல்லிவிட்டு, ஆடிட்டர் கடைசியாக இருந்த உறையைக் கிழித்தார். ஆராய்ச்சி நிலையத்திடம் நூலகர் சான்றாகக் கேட்டிருந்த கடிதம். காலையில்தான் வந்தது. அவரே இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை.

“உங்க கணக்குல ரெண்டு கணினின்னு இருக்கே சார்?”

“எங்க வீட்டுல ஒண்ணுதான்.”

“ஒண்ணு இருபத்துநாலு மணி நேரமும் ஓடுது. இன்னொண்ணு காலையில பத்துலேர்ந்து ராத்திரி எட்டு வரைக்கும். ஞாயித்துக்கிழமை லீவு. அதுவும் ரெண்டு வருஷமா ஓடுது.”

பத்திலிருந்து எட்டு வரை. ஞாயிறு விடுமுறை. நூலகர் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

அவள் கழுத்திலிருந்த நாடாவை எடுத்து விரலில் சுற்றத் தொடங்கினாள்.

“வீட்டுல அது இரையறது, தம்பியோட மூச்சு மெஷின் மாதிரியே இருக்குங்க. கடையில ஓடுறது, தையல் மெஷின் சத்தத்துல கேக்காது.”